நோயுற்ற பிள்ளையின் சித்திரம்: மலையகத்தை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

மலையக வரலாற்றை எழுதியவர்கள் நோயைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரையிலான காட்டுப் பாதையில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் விழுந்தவர்கள், மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதிக்கப்பட்டவர்கள், கோப்பிக் காலத்து மரணக் கணக்கைப் பற்றிய வாதப் பிரதிவாதங்கள் என்று அந்தப் பக்கங்கள் நீளும். மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனவர்கள் மிதித்த பாதையும் அந்த மரணங்களின் பாதைதான்.

இந்தப் பக்கங்களில் நோயுற்ற பிள்ளையும் உண்டு. ஆனால் எண்ணாகவே உண்டு. ஆயிரம் பிறப்புக்கு இத்தனை இறப்பு, இத்தனை பேருக்குக் கொக்கிப்புழு, இத்தனை பேர் நிறை குறைந்தவர் என்பதோடு அதன் கதை முடிந்துவிடுகிறது. அதிகாரிகளின் ஏட்டை விட்டு மக்களின் பாட்டுக்கு வந்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. ஸி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களில் தாலாட்டும் ஒப்பாரியும் இருக்கின்றன. அவை பிள்ளையைப் பற்றித் தாய் பாடியவை. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு என்ன தோன்றியது, எதற்குப் பயந்தது, யாரை எதிர்பார்த்தது என்பதற்கு நம்மிடம் ஒரு வரிச் சான்றுகூட இல்லை. பிள்ளைகள் எழுதி வைப்பதில்லை என்பது உண்மைதான். அதைவிடப் பெரிய உண்மை, பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை என்பது.

உலகில் இந்தக் கேள்வி எப்போது கேட்கப்படலாயிற்று, வைத்தியசாலைக் கட்டிலுக்குத் தாளும் வர்ணமும் எப்படி வந்து சேர்ந்தன, அதில் ஒரு கிளை நமது மட்டக்களப்பு வரை எப்படி நீண்டது என்பவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு வாட்டில் கிடக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வரலாறு எந்த அளவுக்கு உதவும் என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் தோட்டத்து வைத்தியம். 1872இல் பெருந்தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவச் சட்டம் முதன்முதலாக வந்தது. 1880இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. 1912இல் வந்த மருத்துவத் தேவைகள் சட்டம் லயங்களின் சுகாதாரத்துக்கும் நோயாளியைக் கவனிப்பதற்கும் தோட்ட முகாமையைப் பொறுப்பாக்கியது. 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் மன்றம் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடக்கிற்று. இவை ஒவ்வொன்றும் உயிர்களைக் காத்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கணக்கு ஓடியது: நோயுற்ற கை கொழுந்து பறிக்காது, மண் வெட்டாது. பிள்ளையின் கை அந்தக் கணக்கில் இன்னும் சேராத கை. எனவே பிள்ளைக்கென்று தோட்டம் செய்து கொடுத்த ஏற்பாடும் தாயின் கையை விடுவிப்பதற்கான ஏற்பாடாகவே இருந்தது. பிள்ளைக் காம்பரா என்று மலையகம் முழுவதும் வழங்கும் இடத்தைத்தான் சொல்கிறேன். விடியற்காலையில் பிரட்டுக் களத்துக்குப் போகும் தாய் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மலைக்கு ஏறுவாள். பிற்காலத்தில் அது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாறி, பயிற்சி பெற்ற உத்தியோகத்தர், சுவரில் படங்கள், விளையாட்டுப் பொருட்கள் என்று பல தோட்டங்களில் உருமாறியதும் உண்மை. அந்தச் சுவரில் பிள்ளைகள் வரைந்ததும் சில இடங்களில் தொங்கும். நல்ல சுகத்தோடு இருக்கும் பிள்ளைக்குக் கிடைத்த இந்தச் சலுகை, நோய் வந்து வாட்டுக்குப் போன பிள்ளைக்குக் கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

தோட்டத்துப் பிள்ளை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது சாதாரணப் பயணமல்ல. முதலில் டிஸ்பென்சரி. அங்கே ஒரு போத்தலில் தண்ணி மருந்து. குணமாகாவிட்டால், வாகனம் கிடைக்காத காலத்தில், கொழுந்து லொறி. டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ முடியாதென்றால் கம்பளை வழியாகப் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலை. பிள்ளைக்கு அதுவரை தெரிந்த உலகம் ஒரு மலையும் ஒரு லயமும் ஒரு கோயிலும் ஒரு பாடசாலையும்தான். அது ஒரே நாளில் வெள்ளைச் சுவரும் மருந்து வாடையும் அறியாத முகங்களும் உள்ள இடத்தில் படுக்க வைக்கப்படுகிறது. அரசாங்க வைத்தியசாலைகளில் சிறுபிள்ளையுடன் தாய் தங்குவது நமது நாட்டில் வழக்கம்தான். ஆனால் நாட்சம்பளக்காரியான தாய் வாட்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவளுக்குப் பேர் இல்லை. முழுப் பேர், அரைப் பேர் என்று நாட்சம்பளத்தைப் பேரால் அளக்கும் ஒரு மொழியில், ‘பேர் இல்லை’ என்பதன் கனத்தை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டில் மற்றப் பிள்ளைகளும் இருப்பார்கள். இரண்டு நாள் நின்றுவிட்டு ஆத்தாவையோ அக்காவையோ மாற்றி வைத்துவிட்டு அவள் போகத்தான் வேண்டியிருக்கும்.

அடுத்தது மொழி. 1987இல் கொண்டுவரப்பட்ட 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சட்டப் புத்தகத்தில் ஏறியது வாட்டுக் கதவைத் தாண்டி உள்ளே வருவதற்கு அதிக காலம் எடுக்கிறது. சிங்களம் மட்டும் தெரிந்த தாதி, தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை. இடையில் பக்கத்துக் கட்டில்காரரோ வாட்டைக் கூட்டும் தொழிலாளியோ மொழிபெயர்ப்பாளர். “எங்கே வலிக்கிறது” என்ற கேள்வி இப்படிச் சுற்றிப் போய் வரும். “என்ன பயம்” என்ற கேள்வி புறப்படுவதே இல்லை. இதில் தாதியைக் குறை சொல்வது நியாயமல்ல. ஒரே இரவில் முழு வாட்டையும் பார்ப்பவர் அவர். எத்தனையோ பேர் கை ஜாடையாலும் சிரிப்பாலும் அந்த இடைவெளியைத் தாங்களாகவே நிரப்பியவர்கள்.

இனி உலகத்தின் கதைக்கு வருவோம். வைத்தியசாலைக்குள் கலை புகுந்தது மேற்கில் நேற்று நடந்த புதுமை என்று சொல்வார் உளர். அப்படியல்ல. துருக்கியின் எதிர்னே நகரில் இரண்டாம் பாயஸீத் சுல்தான் 1488இல் கட்டி முடித்த வைத்தியசாலையில் இசைக் கலைஞர்கள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டிருந்தார்கள். பத்துப் பேர், வாரத்தில் மூன்று நாள் நோயாளிகளுக்காக வாசித்தார்கள் என்று 17ஆம் நூற்றாண்டுப் பயணியான எவ்லியா செலெபி எழுதி வைத்திருக்கிறார். நீரூற்றின் ஓசையும் அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. அந்தக் கட்டடம் இப்போது மருத்துவ அருங்காட்சியகம். ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எதிர்னேயில் நோயாளி கேட்பவர். கலை வெளியிலிருந்து அவரிடம் வருகிறது. நோயாளியே கலையைச் செய்து, தன்னுள் இருப்பதை வெளியே வைப்பது என்பது வேறொரு எண்ணம். அது பிறக்க இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

அது ஒரு காசநோயாளியின் கட்டிலில் பிறந்தது. ஏட்ரியன் ஹில் ஆங்கில ஓவியர். முதலாம் உலகப் போரின் களங்களை வரைந்தவர். 1938இல் காசநோய் கண்டு இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார். காசநோய்க்கு அன்று தக்க மருந்து கிடையாது. மாதக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பதே சிகிச்சை. சலிப்பும் சாவுப் பயமும் சேர்ந்த அந்தப் படுக்கையில் கைக்கெட்டிய பொருட்களை அவர் வரையத் தொடங்கினார். தேறி வந்தபின் மற்ற நோயாளிகளுக்கும் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தார். போரில் காயப்பட்டு வந்தவர்கள் அழகான காட்சிகளை வரையவில்லை. தாங்கள் கண்ட கோரங்களையே வரைந்தார்கள். 1942இல் இந்த வேலைக்குக் ‘கலைச் சிகிச்சை’ என்ற பெயரை இட்டவர் அவரே என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. 1945இல் இதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

அதே 1942 டிசம்பரில் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற யூத ஓவியை நாஜிகளால் தெரேசின் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு அவர் ஒளித்து மறைத்துச் சித்திரம் கற்பித்தார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்படுவதற்கு முன், பிள்ளைகளின் ஏறக்குறைய 4,500 சித்திரங்களை இரண்டு பெட்டிகளில் வைத்துவிட்டுப் போனார். வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் திரும்பவில்லை. சித்திரங்கள் பிராகா நகரில் இன்றும் இருக்கின்றன. இது வைத்தியசாலைக் கதையல்ல என்று வாசகர் நினைக்கலாம். ஆனால் இவரிடம் கற்ற ஈடித் கிரேமர் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்று, பிள்ளைகளுக்கான கலைச் சிகிச்சையை அந்த நாட்டில் நிலைநாட்டியவர்களில் ஒருவரானார். அந்தத் துறையில் அன்று இரண்டு பாதைகள் இருந்தன. மார்கரட் நௌம்பர்க் என்பவர், சித்திரம் அடிமனத்தின் செய்தி, அதை வைத்துப் பேச வேண்டும் என்றார். கிரேமரோ, வரைவதே மருந்து, பேச்சு பிறகு என்றார். முகாமில் பிள்ளைகளின் சித்திரங்களுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமிருந்திருக்காது. வரைந்துகொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் பிள்ளை பிள்ளையாக இருந்தது என்பதே அங்கே கிடைத்த பயன். எனது சாய்வு கிரேமரின் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

வைத்தியசாலைப் பிள்ளையின் மனத்தை மருத்துவ உலகம் கவனிக்க வைத்தது ஒரு சினிமா. இலண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர், சிறிய சத்திரசிகிச்சைக்காக எட்டு நாள் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுப் பெண்பிள்ளையைச் சிறு கமராவால் படம் பிடித்து 1952இல் காட்டினார். அந்நாளைய இங்கிலாந்தில் பெற்றோர் பிள்ளையைப் பார்க்க வருவதற்குக் கடுங் கட்டுப்பாடுகள் இருந்தன. அழாத பிள்ளையை ‘பழகிவிட்டது’ என்று தாதிமார் மெச்சினார்கள். அது பழகவில்லை, நம்பிக்கையை விட்டுவிட்டது என்று அந்தப் படம் காட்டிற்று. மருத்துவர்கள் கோபப்பட்டார்கள். ஆனால் 1959இல் பிளாட் குழு என்ற அரசாங்கக் குழு, பெற்றோர் தடையின்றி வந்து போகவும் வாட்டில் விளையாட்டுக்கு இடமிருக்கவும் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. விளையாட்டுப் பொருள் என்றால் பந்தும் பொம்மையும் மட்டுமல்ல. களிமண், வர்ணம், தாள். ஊசி போடப் போகும் பிள்ளையிடம் மருந்தில்லாத ஊசிக்குழாயையும் ஒரு துணிப் பொம்மையையும் கொடுத்துவிட்டால், அது பொம்மைக்கு என்ன செய்கிறது என்பதைப் பார்த்தே அதன் பயத்தின் அளவைத் தெரிந்துகொள்ளலாம் என்பதும் இக்காலத்தில் பரவிய வழக்கம்.

பிள்ளையின் கைச் சித்திரம் ஒரு மருத்துவக் கருவியாகவே ஆன சம்பவம் ஒன்று உண்டு. அது நமது தோட்டங்களோடு நெருங்கியது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 1981இல் அமெரிக்காவின் டல்ஸா நகரத்துத் தீக்காயப் பிரிவில் டோனா வோங், கொனி பேக்கர் ஆகிய இரு பெண்கள் பணியாற்றினார்கள். வலி எவ்வளவு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எண்களும் புரியவில்லை. அவர்கள் பிள்ளைகளிடம் வெறும் வட்டங்களைக் கொடுத்து, வலியில்லாத முகம் முதல் பெருவலி முகம் வரை வரையச் சொன்னார்கள். பிள்ளைகள் வரைந்த முகங்களிலிருந்து உருவானதே, சிரிப்பில் தொடங்கிக் கண்ணீரில் முடியும் அந்த ஆறு முகங்களின் வரிசை. இன்று உலகின் மூலைமுடுக்கெல்லாம் வைத்தியசாலைச் சுவர்களில் அது தொங்குகிறது. பிள்ளை விரலால் தொட்டுக் காட்டினால் போதும்; மொழி வேண்டாம்.

தீக்காயம் நமக்குப் புதிதல்ல. மின்சாரம் எட்டாத லயக் காம்பராவில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு, பத்தடிக்குப் பத்தடி இடத்தில் விறகடுப்பு, கொதிக்கும் தேத்தண்ணிப் பானை, அவற்றுக்கு இடையில் தவழும் பிள்ளை. குப்பி விளக்கு சரிந்து வெந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து சலித்துப் போன வைத்தியர் விஜய கொடகும்புர 1992இல் ஒரு விளக்கை வடிவமைத்தார். உருளாதபடி இரு பக்கம் தட்டை, கனமான கண்ணாடி, திருகு மூடி. 1998இல் அதற்காக ரோலெக்ஸ் விருதும் பெற்றார். அவரது விளக்கு எத்தனையோ பிள்ளைகளை வாட்டுக்குப் போகாமல் காத்தது. போன பிள்ளைகளின் பக்கம் பார்த்தவர்கள் குறைவு. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றுவது எப்படிப்பட்ட வேதனை என்பது கட்டியவருக்கும் கட்டப்பட்டவருக்கும்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் நெருங்க நெருங்கப் பிள்ளை சுருண்டுகொள்ளும்.

வைத்தியசாலைச் சித்திரக் கலை இலங்கைக்கு வந்த வழி விசித்திரமானது. அது கொழும்பு வழியாக வரவில்லை, போரின் வழியாக வந்தது. கனடாவின் ரொறன்ரோ நகரில் உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கான ஹியூ மக்மிலன் மருத்துவ நிலையத்தின் வளவில் 1980களில் ‘சுருள் தோட்டம்’ என்ற ஒரு முயற்சி நடந்தது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளும் அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து செடி நட்டார்கள், களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் போல் ஹோகன் என்ற ஓவியர். மறுபுறம், கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் போரில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் நிலையை 1990களின் முற்பகுதியில் மட்டக்களப்பில் ஆராய்ந்தார்கள். ஆய்வு அறிக்கையோடு நின்றுவிடாமல் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் ஹோகன் அழைக்கப்பட்டார். மட்டக்களப்பில் உளவளத்துணைப் பணியில் இருந்த இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரோடு சேர்ந்து 1996இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை அவர் தொடங்கினார்.

1996 என்பதை நமது வாசகர்கள் சற்று நின்று வாசிக்க வேண்டும். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரமே ஏறாவூர். செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஆறே வருடம். அந்த ஊர்களின் தாய்மார் பக்கத்து ஊரின் பெயரைக் கேட்டாலே முகம் இறுகிய காலம். அந்தக் காலத்தில் ஒரு பஸ் வண்டி தமிழ் ஊர்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் ஊர்ப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரே தோட்டத்துக்கு வந்தது. பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு நாள் வீதம் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் வந்து போனார்கள். உள்ளூர் இளைஞர் யுவதிகளே அவர்களோடு இருந்தார்கள். “உனக்கு என்ன நடந்தது, சொல்” என்று பிள்ளையை வற்புறுத்தும் வழக்கம் அங்கே இருக்கவில்லை. களிமண் இருந்தது, வர்ணம் இருந்தது, பாட்டும் வேஷமும் கதையும் இருந்தன. சொல்ல வேண்டியதைப் பிள்ளை சொல்லும்போது சொல்லட்டும், சொல்லாவிட்டால் ஒரு ராட்சதனையோ ஒரு மீனையோ செய்துவிட்டுப் போகட்டும். பட்ரீஷியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர் இப்பூங்காவைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 2003இல் கொழும்பில் வெளிவந்தது. போர்க்கால மட்டக்களப்பைப் பற்றிய எத்தனையோ அறிக்கைகளை விட அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் அந்த அறிக்கைகளில் பிள்ளைகள் சாட்சிகள், இங்கே ஆக்குபவர்கள்.

இந்த இடத்தில் நம் வீடுகளில் எழும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்ப்பது என் வேலையல்ல. சிறுமியாக இருந்த ஆயிஷா (ரழி) அவர்கள் பொம்மைகளை வைத்து விளையாடியதும், அவற்றுள் சிறகுள்ள குதிரையொன்று இருந்ததும், அதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவான செய்திகள். பிள்ளையின் விளையாட்டுக்குச் சலுகை உண்டென்று அறிஞர் பலர் கொண்டமைக்கு இவை ஆதாரம். அதிலும் திருப்தி வராதவருக்கு மலையும் மரமும் மழையும் வீடும் இருக்கவே இருக்கின்றன. நோயுற்ற பிள்ளைகள் அதிகம் வரைவதும் வீட்டைத்தான்.

வீடு என்றதும் மலையகத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பிள்ளையின் சித்திரத்தை அளந்து பார்க்கும் ஒரு மரபு 1926இல் புளோரன்ஸ் குடெனஃப் அமைத்த ‘மனிதனை வரை’ சோதனையோடு வலுப்பெற்றது. கண் இருக்கிறதா, விரல் எத்தனை என்று புள்ளி போட்டுப் புத்தியை அளந்தார்கள். 1948இல் ஜோன் பக் என்பவர் ‘வீடு, மரம், மனிதன்’ என்ற சோதனையைக் கொண்டு வந்தார். வீட்டின் கதவு, ஜன்னல், கூரை, புகைபோக்கி ஆகியவற்றிலிருந்து மனத்தைப் படிக்கும் முறை அது. இந்தச் சோதனையை நோர்வூட்டிலிருந்தோ லிந்துலையிலிருந்தோ வந்த ஒரு பிள்ளையிடம் வைத்துப் பாருங்கள். அது நீண்ட ஒரே கூரையை வரையும். அதன் கீழ் வரிசையாக ஆறு கதவு, எட்டுக் கதவு. ஜன்னல் இருக்காது. முன்னால் ஓர் இஸ்தோப்பு. உள்ளே கறுப்பு. புத்தகத்தைப் பார்த்துப் படிப்பவர் ‘ஜன்னலில்லை, எனவே ஒதுங்கிய மனம், கறுப்பு, எனவே துயரம்’ என்று எழுதிவிடலாம். பிள்ளை வரைந்தது லயத்தை. லயத்துக்கு ஜன்னல் வைக்காதவன் வெள்ளைக்காரத் துரை. கறுப்பு, அடுப்புப் புகை தலைமுறை தலைமுறையாகச் சுவரில் பூசிய நிறம். அதில் துயரம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. யாருடைய துயரம், எந்தக் காலத்துத் துயரம் என்று தெரியாமல் ஒரு பிள்ளையின் தலையில் அதைக் கட்டக்கூடாது என்கிறேன். எந்தக் கதவு உன் கதவு என்று பிள்ளையிடம் கேட்பது நல்லது. ஆறு கதவில் ஒன்றை அது காட்டும். அந்தக் கதவுக்கு உள்ளே யார் இருக்கிறார் என்று அடுத்துக் கேட்கலாம். அம்மா கொழும்பிலோ குவைத்திலோ வீட்டு வேலைக்குப் போயிருக்கும் பிள்ளையாக இருந்தால், அங்கேதான் அது நெடுநேரம் மௌனமாக இருக்கும்.

இந்தக் கேள்விகளைத் தமிழில்தான் கேட்க முடியும். சித்திரத்துக்கு மொழி வேண்டாம் என்று மேலே சொன்னது வலியின் அளவைக் காட்டுவதற்குப் பொருந்தும். வலியின் கதைக்குப் பொருந்தாது. வர்ணப் பென்சில்கள் வந்துவிட்டன, இனித் தமிழ் தெரிந்த தாதி தேவையில்லை என்று எந்த நிர்வாகமாவது நினைக்குமானால் அதைவிடக் கேடு வேறில்லை. 2017 மே மாதம் 12ஆம் திகதி டிக்கோயாவில் இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டப்பட்ட வைத்தியசாலைக் கட்டடத்தை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். மலையக மக்கள் திரண்டு போய் அதைக் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான். கட்டடத்தை வேறொரு நாடு தரலாம். பிள்ளையிடம் பேசும் வாயை நாம்தான் தரவேண்டும். தோட்டப் பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகத்துக்கும் தாதியர் கல்லூரிக்கும் ஆசிரிய கலாசாலைக்கும் போகிறவர்களின் தொகை கூடிவரும் காலம் இது. கலைப்பட்டதாரிகள் வேலைக்குக் காத்திருக்கும் காலமும் இதுவே. அவர்களில் சிலரைச் சிறுவர் வாட்டுக்கென்று பயிற்றி நியமிப்பது ஓர் அமைச்சரவைப் பத்திரத்தின் தூரம்தான்.

பொருட்களுக்கும் பெரிய செலவில்லை. மட்டக்களப்பில் களிமண்ணைத் தூரத்திலிருந்து கொண்டு வரவில்லை. மலையகத்தில் தேயிலைச் சாயமே ஒரு வர்ணம். மலையகத்திலிருந்து எழுந்த இளைய ஓவியர்கள் அதைக்கொண்டு படைக்கிறார்கள். மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு வேஷம் கட்டக் கற்பிக்க வேண்டியதில்லை. எரிந்த மன்மதன் திரும்ப எழும் கதை அது. தீக்காயத்தோடு கிடக்கும் பிள்ளை அந்தக் கதையைக் கடதாசிப் பொம்மையை வைத்து எப்படிச் சொல்லும் என்று அறிய எனக்கு ஆவல். சில வாட்டுகளில் ஒரே வரிசையில் தோட்டத்துப் பிள்ளையும் ஹட்டன் பஸாரிலிருந்து வந்த முஸ்லிம் கடைக்காரரின் பிள்ளையும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் படுத்திருப்பார்கள். பெரியவர்கள் மூன்று மொழியில் முனகிக்கொண்டிருக்கையில் அவர்கள் ஒரே பெட்டி வர்ணத்துக்குச் சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டையை நான் வரவேற்கிறேன்.

கடைசியாக ஒன்று. வரைந்து முடித்த தாள் யாருக்குச் சொந்தம்? தெரேசின் பிள்ளைகளின் தாள்கள் பிழைத்தது, அவற்றை ஒருவர் பெட்டியில் வைத்ததால். நமது வைத்தியசாலைகளில் பிள்ளையின் காய்ச்சல் எத்தனை பாகை ஏறி இறங்கியது என்பது கட்டில் டிக்கட்டில் எழுதப்பட்டுப் பதிவறைக்குப் போகிறது. பிள்ளை வரைந்த தாள் மறுநாள் காலை வாட்டைக் கூட்டும்போது குப்பையோடு போய்விடும். சுவரில் ஒட்டுவது, போட்டி வைத்துப் பரிசு கொடுப்பது, அதிதியை அழைத்துக் கண்காட்சி நடத்துவது எல்லாம் நமக்கு உடனே தோன்றுபவை. அவற்றில் பிள்ளையின் அனுமதியைக் கேட்பவர் அரிது. டிக்கட் வெட்டி வீட்டுக்குப் போகும் நாளில் தாயின் கையில் கிளினிக் கொப்பி கொடுக்கப்படுகிறது. அந்தக் கொப்பியின் நடுவில் மடித்து வைத்தால் ஒரு தாள் கசங்காமல் நோர்வூட் வரை போகும்.